நசரத்பேட்டையில் பிறந்த முதலமைச்சர்



பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது, வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் பாதிப் பேர் "அவுட்டர் ரிங் ரோடு ஜங்ஷன்" என்பார்கள். மீதிப் பேர் கூகுள் மேப்பைத் திறப்பார்கள். அந்த ஊருக்கு நசரத்பேட்டை என்று பெயர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஒருவர் பிறந்த ஊர் அது. அவர் பெயர் எம். பக்தவத்சலம்.

நம் குடியிருப்பில் இருப்பவர்களில் பலர் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றால் அவர்களுக்கு ஃபேக்டரி, ஐ.டி. பார்க், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சாலை என்றுதான் தெரியும். இந்தப் பக்கத்துக்கும் சரித்திரம் உண்டு என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இன்னொரு காரணமும் உண்டு. பக்தவத்சலம் என்றால் நினைவிருப்பவர்களுக்கும் இரண்டே விஷயம்தான் நினைவிருக்கிறது: இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசிப் பஞ்சம். 89 வருடம் வாழ்ந்த ஒரு மனிதரை இரண்டு வருஷக் கணக்கில் மூடிவிடலாமா என்பது என் கேள்வி. முழுக் கணக்கையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சிறைக்குப் போன வக்கீல்

பக்தவத்சலம் பிறந்தது 1897 அக்டோபர் 9. சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர்கள் அவருடைய சித்தப்பா, பெரியப்பா வகையினர். அவர்களில் சி.என். முத்துரங்க முதலியார் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற காங்கிரஸ் தலைவர். ஆக, வீட்டிலேயே அரசியல் பேச்சு இருந்தது.

சட்டம் படித்து 1923-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். வசதியான குடும்பம், கையில் தொழில். பேசாமல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு சத்தியாகிரகம் நடந்தபோது அதில் கலந்துகொண்டு அடிபட்டார். 1932-ல் சுதந்திர தினக் கொண்டாட்டத்தை நடத்தியதற்காக ஆறு மாதம் சிறை. (அப்போதெல்லாம் ஜனவரி 26-தான் சுதந்திர தினம். பிற்பாடுதான் அது குடியரசு தினம் ஆயிற்று. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.)

1937 தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சட்டசபைக்குப் போனார். ராஜாஜி மந்திரிசபையில் ஸ்தல ஸ்தாபன அமைச்சருக்கு பார்லிமெண்டரி செயலாளராக இருந்தார். யுத்தம் வந்தது, 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபைகள் எல்லாம் ராஜினாமா செய்தன. பிறகு தனிநபர் சத்தியாகிரகம், 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம், மீண்டும் சிறை. பதவியில் இருந்தவர் பதவியை விட்டுச் சிறைக்குப் போவதும், சிறையிலிருந்து வந்தவர் பதவிக்குப் போவதும் அந்தத் தலைமுறைக்குச் சாதாரண விஷயம்.

சுதந்திரம் வந்த பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில் பொதுப்பணித் துறையைக் கவனித்தார். 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் தோற்றார். அந்தத் தேர்தலில் பதவியில் இருந்த மந்திரிகள் பலரும் தோற்றார்கள்.

எதிரணியில் இருந்தவருக்கு மந்திரி பதவி

1954-ல் ராஜாஜி விலகியபோது அடுத்த முதலமைச்சர் யார் என்று கட்சிக்குள் போட்டி வந்தது. ஒரு பக்கம் காமராஜர், மறுபக்கம் சி. சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் நம் பக்தவத்சலம். காமராஜர் ஜெயித்தார். ஜெயித்தவர் என்ன செய்தார் தெரியுமா? எதிர்த்து நின்றவர், அவரை முன்மொழிந்தவர் இரண்டு பேரையும் தன்னுடைய எட்டுப் பேர் கொண்ட சின்ன மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார்.

இது காமராஜருடைய பெருந்தன்மைக்கு உதாரணமாக அடிக்கடி சொல்லப்படும் கதை. நான் இதில் இன்னொரு பக்கத்தையும் பார்க்கிறேன். எதிரணியில் இருந்த ஒருவரை அழைத்து இலாகாவை ஒப்படைக்கிறார்கள் என்றால், அவருக்கு வேலை தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோப்பைப் படிப்பவர், விதியை அறிந்தவர், நிர்வாகி என்பதுதான் பக்தவத்சலத்துக்கு இருந்த பெயர். மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சு அவருடையது அல்ல. 1957-லும் 1962-லும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் ஜெயித்தார். ஒன்பது வருஷத்துக்கு மேல் காமராஜரின் மந்திரிசபையில் முக்கியமான தூணாக இருந்தார்.

1963-ல் காமராஜர் திட்டம் வந்தது. மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று சொன்னவர், முதல் ஆளாகத் தானே பதவி விலகினார். 1963 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், நசரத்பேட்டைக்காரர் முதலமைச்சரானார். அப்போது அவருக்கு 66 வயது முடிய ஒரு வாரம் பாக்கி. எங்களைப் போன்றவர்கள் ரிடையர் ஆகி பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடும் வயது.

நம் பகுதிக்கு வந்தவை

இந்தப் பகுதியில் குடியிருக்கும் நமக்கு அந்தக் காலகட்டம் முக்கியமானது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே அம்பத்தூருக்கு வந்துவிட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். போன்ற கம்பெனிகள் வந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965-ல். இவற்றுக்கு நடுவே 1964-ல், பக்தவத்சலம் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இடம்.

இதற்கான பெருமை முழுவதையும் பக்தவத்சலத்துக்குக் கொடுத்துவிட முடியாது. டாங்கி தொழிற்சாலை மத்திய அரசுடையது. தொழிற்பேட்டை என்றதும் ஆர்.வி.யின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பாதை காமராஜர் போட்டது. ஆனால் முந்தையவர் தொடங்கியதைப் பிந்தையவர் கிடப்பில் போடாமல் நடத்திக் கொடுப்பதும் ஒரு காரியம்தான். நம் அசோசியேஷனில் கமிட்டி மாறியதும் பழைய கமிட்டியின் மழைநீர் சேகரிப்பு வேலை என்ன ஆயிற்று என்பதை யோசித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1966-ல், இவர் காலத்தில். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் கட்ட முதலில் தயங்கியவரும், பிறகு அனுமதி தந்தவரும் இவர்தான். அதற்காக ஏக்நாத் ரானடே டெல்லியில் மூன்றே நாளில் 323 எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கி வந்தார் என்பது தனிக்கதை. மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டபோது பக்தவத்சலம் பதவியில் இல்லை.

1965 ஜனவரி

இனி கணக்கின் மறுபக்கம்.

அரசியல் சட்டம் அமலுக்கு வந்து 15 வருஷம் ஆனதும், 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகும் என்ற நிலை இருந்தது. ஆங்கிலமும் தொடரலாம் என்று 1963-ல் ஒரு சட்டம் வந்தது. "தொடரலாம்" என்றுதான் அதில் இருந்தது, "தொடர வேண்டும்" என்று இல்லை. வங்கியில் கடன் பத்திரம் படித்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் சொத்தே போய்விடும். மாணவர்கள் இந்த வித்தியாசத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். மத்திய அரசு வேலைக்கான பரீட்சை இந்தியில் என்று ஆனால் தங்கள் கதி என்ன என்பதுதான் அவர்களுடைய பயம்.

இந்த நேரத்தில், 1964 மார்ச்சில், முதலமைச்சர் மும்மொழித் திட்டத்தைச் சட்டசபையில் ஆதரித்துப் பேசினார். அதற்கு முன்பே, அதே ஆண்டு ஜனவரி 25-ல், திருச்சியில் சின்னசாமி தீக்குளித்து உயிரைவிட்டிருந்தார். எச்சரிக்கை மணி அடித்த பிறகுதான் இந்தப் பேச்சு நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

1965 குடியரசு தினத்தைத் துக்க நாளாக அனுசரிப்போம் என்றது தி.மு.க. குடியரசு தினத்தை அவமதிக்க விடமாட்டோம் என்றது அரசு. ஜனவரி 26-ஐக் கொண்டாடியதற்காகவே 1932-ல் சிறைக்குப் போனவருக்கு அந்த நாளில் கறுப்புக் கொடி என்பது எப்படிப் பட்டிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதே நேரத்தில், அந்தப் பையன்களுக்கும் அவர் வயதில் இருந்த அதே வேகம்தான் என்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணாவும் ஆயிரக்கணக்கான கட்சிக்காரர்களும் முன்னதாகவே கைதானார்கள். ஜனவரி 25-ல் சென்னை மாணவர்கள் நேப்பியர் பூங்காவிலிருந்து (இன்றைய மே தினப் பூங்கா) கோட்டையை நோக்கி ஊர்வலம் போனார்கள். அன்றே மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல் வந்தது. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோர் தீக்குளித்தார்கள். சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். பிப்ரவரியிலும் கலவரமும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன. ராணுவம் வந்தது. அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் சுமார் 70 பேர். மத்திய மந்திரிகளாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பிப்ரவரி 11-ல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அன்று இரவு பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்த பிறகுதான் நிலைமை மெல்ல அடங்கியது.

டெல்லியில் இருந்த இரண்டு தமிழ் மந்திரிகளுக்குக் கேட்ட குரல், கோட்டையில் இருந்த முதலமைச்சருக்குக் கேட்காமல் போனது எப்படி? நான் படித்த வரையில் எனக்குத் தோன்றும் பதில் இதுதான். அவர் அதை மொழிப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்த்தார். மாணவர்களைத் தூண்டிவிடுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அவர்களை உள்ளே போட்ட பிறகும் போராட்டம் ஓயவில்லை. அந்த இடத்திலாவது வேறு மாதிரி யோசித்திருக்க வேண்டும்.

அரிசி

மொழி மாணவர்களை விலக்கியது என்றால், அரிசி தாய்மார்களை விலக்கியது. 1965-லும் 1966-லும் நாடு முழுவதும் மழை பொய்த்தது. பாகிஸ்தானுடன் யுத்தம் வேறு. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமைக் கப்பலை நம்பி நாடே இருந்த நேரம் அது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் பிறந்ததும், அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்ததும் இந்த நெருக்கடியில்தான்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. ரேஷன் கடை வரிசையில் அம்மா எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டு வேலை பார்க்கப் போவார். பையுடன் நிற்க வேண்டியது என் வேலை. கோதுமையை என்ன செய்வது என்றே எங்கள் வீட்டில் தெரியாது. கஞ்சியாகவும் காய்ச்சினார்கள், தோசையாகவும் வார்த்தார்கள். எங்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. என் அப்பா கதர் கட்டியவர். 1967-ல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, யாருக்குப் போட்டார் என்று பெரியப்பாவிடம் சொல்லவே இல்லை. பெரியப்பாவும் கேட்கவில்லை. அந்த வருஷம் பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது என்று நினைக்கிறேன்.

ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. அரிசி விலை என்னாச்சு என்று பக்தவத்சலத்தைக் கேட்கும் கோஷம் தெருவெல்லாம் ஒலித்தது. மழை பெய்யாததற்கு முதலமைச்சர் பொறுப்பல்ல. ஆனால் வரிசையில் நிற்பவருக்கு வானிலை அறிக்கை வாசித்தால் பசி அடங்குமா?

1967: ஒரு கணக்கு

தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம், தி.மு.க.வின் ராஜரத்தினத்திடம் தோற்றார். 1967 மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சரானார். விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்ற பொருளில் பக்தவத்சலம் அப்போது சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. தோற்ற வேதனையில் வந்த வார்த்தைதான். என்றாலும் வாக்களித்த ஜனங்களுக்கு அது கசந்தது.

புள்ளிவிவரம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் ஏறத்தாழ 41 சதவீத ஓட்டு வாங்கியது. தி.மு.க. வாங்கியதும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் தி.மு.க. எல்லாத் தொகுதியிலும் நிற்காமல், ராஜாஜியின் சுதந்திரா உட்பட பல கட்சிகளைச் சேர்த்துக்கொண்டது. எதிர் ஓட்டுகள் சிதறவில்லை. ஆக, ஜனங்கள் ஒட்டுமொத்தமாகக் காங்கிரஸைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது சரியல்ல. பத்தில் நான்கு பேர் அப்போதும் கூடவே இருந்தார்கள். மற்ற ஆறு பேர் ஒன்று சேர்ந்துவிட்டதுதான் விஷயம். அவர்களைச் சேர்த்து வைத்ததில் அந்த அரசுக்கும் பெரிய பங்கு உண்டு. அதன் பிறகு இன்றுவரை தமிழ்நாட்டில் காங்கிரஸ் முதலமைச்சர் வந்ததில்லை. பக்தவத்சலம்தான் கடைசி.

புதிய அரசும் ரூபாய்க்கு மூன்று படி கொடுக்க முடியவில்லை. ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை தீர்மானமாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் எந்த அரசும் அதை மாற்றவில்லை. இந்த விஷயத்தில் மாணவர்கள் சொன்னதைத்தான் காலம் ஏற்றுக்கொண்டது.

மிச்சம் என்ன?

பக்தவத்சலம் 1987-ல் காலமானார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களோடு அவருக்கும் நினைவிடம் இருக்கிறது. மகள் சரோஜினி வரதப்பன் சமூக சேவைக்காக பத்மபூஷண் பெற்றவர். பேத்தி ஜெயந்தி நடராஜன் மத்திய அமைச்சராக இருந்தவர். நமக்குப் பக்கத்தில், கொரட்டூரில், அவர் பெயரில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. நம் குடியிருப்புப் பெண்களில் அங்கே படித்தவர்கள் இருக்கலாம்.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கத்தில் வரவு நிறைய இருக்கிறது என்பதற்காக மறுபக்கத்துப் பற்றை அழித்துவிட முடியாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிறைக்குப் போன தியாகம், முப்பது வருஷ நிர்வாகம், நம் பகுதிக்கு வேலைவாய்ப்பைக் கொண்டு வந்த அரசில் வகித்த பொறுப்பு, எல்லாம் வரவுதான். அந்த எழுபது உயிர்கள் பற்று. அவற்றுக்கு ஈடாக எதிர்ப்பக்கத்தில் எதை எழுதினாலும் கணக்கு நேராகாது. என் தீர்ப்பு இதுதான்: அவர் கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. தனக்குச் சட்டம் தெரியும் என்ற நம்பிக்கையில், எதிரே நிற்பவருக்கு என்ன வலி என்று கேட்காமல் விட்டவர். நல்ல நிர்வாகிகளுக்கு வரக்கூடிய வியாதி இது. விதிப்புத்தகத்தில் தேர்ந்தவருக்குத்தான் சீக்கிரம் வரும். நம் பொதுக்குழுவில் பைலாவைக் காட்டி வாயடைக்க நினைக்கும் எல்லோருக்கும், என்னையும் சேர்த்தே சொல்கிறேன், இந்த ஆறு வரியைச் சமர்ப்பிக்கிறேன்.

உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம். 1965-ல் கல்லூரியில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தொடுகிறார்கள். நம் குடியிருப்பிலேயே அப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம், "அந்த ஜனவரியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தால், அடுத்த இதழில் போட ஆசிரியர் குழு இடம் ஒதுக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த முறை பெங்களூரு பஸ்ஸில் போகும்போது நசரத்பேட்டை வந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இது வெறும் ஜங்ஷன் இல்லை என்று.